பெருச்சாளியிடம் கொடுத்த கடையாணி

காட்டுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு குளம். குளக்கரையில் கட்டையன் என்ற எருமைக்கடாவும் அதன் மனைவி காரியும் குடியிருந்தன.

கட்டையனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. இழுப்பதற்குத் தோள் எல்லா மாட்டுக்கும் உண்டு, வண்டி எத்தனை மாட்டுக்கு உண்டு? யானையிடம் கோடை முழுதும் உழைத்து மரம் வாங்கி, மரங்கொத்தியைக் கெஞ்சிச் சக்கரம் செய்து சேர்த்த சொத்து அது. சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் செருகுகிற கடையாணி இரண்டையும் வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் தானே தேய்த்துச் செய்திருந்தது.

மழைக்காலம் வந்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஏறும். அதற்கு முன்னால் புல்லும், நடக்கத் தெரியாத கன்றுகளும் அந்த வண்டியில்தான் மலைமேட்டுக்குப் போகும். மற்ற நாளில் கரடிக்குத் தேன், குரங்குக்குப் பலாப்பழம் என்று கிடைத்த சரக்கை ஏற்றிக் கட்டையன் பிழைத்து வந்தது. சரக்கு கிடைக்காத நாளில் வண்டி சும்மா நிற்கும். அன்றெல்லாம் கட்டையன் சரக்கு கேட்டு வாசல் வாசலாக அலையும்.

இது எப்படியோ பெருச்சாளியின் காதுக்கு எட்டிவிட்டது. நாலு பாதை கூடும் இடத்தில் வளை தோண்டிச் சரக்கு மண்டி நடத்துகிற ஆசாமி அது. காட்டில் எந்தப் பொருள் எங்கே போனாலும் அதன் மண்டியைத் தொட்டுத்தான் போகும். ஒருநாள் அதுவே குளக்கரைக்கு வந்து, கட்டையனின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சியது.

"அண்ணே, வண்டி உங்களுது, சரக்கு என்னுது. நீங்க யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம். கூலியில முக்கால் பங்கு உங்களுக்கு!"

முக்கால் பங்கு! கரும்பு தின்னக் கூலியா என்று கட்டையனுக்கு வாயெல்லாம் பல்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு என்றும் பெருச்சாளி சொன்னது. சேருகிற வண்டிக்காரர் தம் கடையாணியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு மண்டியின் சிவப்பு ஆணியைப் போட்டுக்கொள்ளலாம். பார்த்தவுடனே யார் வண்டி என்று தெரியுமாம். பழைய ஆணி வளைக்குள்ளே பத்திரமாக இருக்குமாம்.

காரிக்கு இது பிடிக்கவில்லை. "சேரும்போது எல்லாரும் இனிக்க இனிக்கத்தாங்க பேசுவாங்க. வெளியே வரணும்னா எப்படின்னு கேட்டீங்களா? போன வருஷம் அவன்கிட்டே இருந்துட்டு வந்த கழுதை இந்தக் குளத்துலதானே தண்ணி குடிக்குது. அதை ஒரு வார்த்தை கேளுங்க."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று சும்மாவா சொன்னார்கள்? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், வேலை செய்ய வணங்காத கழுதை வேறு என்ன சொல்லப்போகிறது என்று கட்டையன் தள்ளிவிட்டது. மறுநாளே ஆணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தது.

சரக்குக்குக் குறைவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வண்டி ஓயாமல் ஓடியது. ஆனால் முக்கால் பங்கு என்று கைக்கு வந்ததோ கால் பங்குகூட இல்லை. ஆற்றுத்துறையில் முதலைக்குக் கொடுக்கிற சுங்கம், அச்சுக்குப் போடுகிற மசகு எல்லாம் கட்டையன் தலையில். வெறும் வண்டியாகத் திரும்பி வந்தால் அதற்குக் கூலியே இல்லை. சக்கரத்தில் விரிசல் விட்டபோது பெருச்சாளி பரிவோடு, "வண்டி உங்களுதுதானே அண்ணே" என்றது. உடம்பு முடியவில்லை, இன்றைக்கு ஒரு நடை வேண்டாம் என்றபோதோ, சிவப்பு ஆணி போட்ட வண்டி சரக்கை மறுக்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆகச் செலவு வந்தால் வண்டி கட்டையனுடையது, சரக்கு வந்தால் பெருச்சாளியுடையது!

இதற்கு நடுவில் காரி ஒரு கன்று ஈன்றது. அது எழுந்து நிற்கப் பழகுமுன்பே வானம் கருத்துவிட்டது. மற்ற எருமைகள் புல்லைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறத் தொடங்கின. கட்டையன் வண்டியோடு மண்டிக்கு ஓடியது. கன்றை மேட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஒரே ஒரு நடை என்று கேட்டது.

பெருச்சாளி வளைவாசலில் உட்கார்ந்து மீசையைத் தடவியது. "சிவப்பு ஆணி போட்ட வண்டியில மண்டிச் சரக்குதான் ஏறும், அண்ணே. தேன் ஏத்தணும், கரடி காத்துக்கிட்டிருக்கு."

"அது என் கன்னுடா. என் வண்டிடா."

"யார் இல்லேன்னாங்க?"

"அப்போ எனக்கு உன் சகவாசமே வேண்டாம். என் ஆணியைக் கொடு, நான் போறேன்."

"தாராளமாப் போங்க. ஆனா விலகுறவங்க ஒரு பருவம் முன்னாடியே சொல்லணும், இல்லேன்னா பழைய ஆணி திரும்பாது. அதுதான் மண்டி வழக்கம். நீங்க கேக்கல, நான் சொல்லல."

சொன்ன கையோடு சிவப்பு ஆணி இரண்டையும் உருவிக்கொண்டு பெருச்சாளி வளைக்குள் நுழைந்துவிட்டது. கட்டையன் பின்னாலேயே தலையை நீட்டியது. மூக்கு நுழைந்தது, கொம்பு நுழையவில்லை. தன் ஆணி உள்ளே எங்கோ கிடக்கிறது என்று தெரிந்தும் எடுக்க வழியில்லை. வண்டியை ஓரடி இழுத்துப் பார்த்தது. சக்கரம் கழன்று விழுந்தது.

அந்த வழியாக மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கழுதை நின்றது. "என் ஆணியும் அந்த வளைக்குள்ளேதான் இருக்கு. தினமும் குளத்துல பாத்தோமே அண்ணே, கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." அதில் கேலி இல்லை. அதனாலேயே கட்டையனுக்கு வெட்கமாக இருந்தது.

முதல் தூறல் விழுந்தது. குளக்கரையில் நிற்கத் தெரியாத கன்று. கட்டையன் சுற்றுமுற்றும் பார்த்தது. இனி வைரம் பாய்ந்த கட்டையைத் தேடிப் பிடித்துத் தேய்க்க நேரம் ஏது? அதனிடம் அவ்வளவு கெட்டியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பாறையின் மேல் கொம்பை மோதியது. வலியில் கண் இருண்டது. மறுபடியும் மோதியது. இரண்டு கொம்பின் நுனியும் முறிந்து விழுந்தன. கழுதை சக்கரத்தை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, கட்டையன் கொம்பு நுனிகளைக் கடையாணித் துளையில் செருகி இறுக்கியது. வண்டி நகர்ந்தது.

குளக்கரைக்கு வந்த வண்டியையும், ரத்தம் வழிகிற தலையையும் பார்த்துக் காரிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கன்றை வண்டியில் தூக்கி வைக்க உதவியது. கழுதை பின்னாலிருந்து தள்ளியது. அவை மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது குளம் எது, கரை எது என்று தெரியவில்லை.

மழை விட்டபின் பெருச்சாளி வேறொரு நாற்சந்தியில் புது மண்டி திறந்தது. அது அப்படித்தான், அதைப் போன்றவர்களுக்கு மண்டி போடக் காட்டில் இடமா இல்லை! ஆனால் புதிதாக வண்டி வாங்கிய எந்த மாடும் அங்கே போவதற்கு முன்னால் ஒரு நடை குளக்கரைக்கு வந்துவிட்டுத்தான் போனது. கட்டையன் முதலில் குனிந்து தன் மொட்டைக் கொம்பைக் காட்டும், பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும்.

ஒருவரோடு தொழிலில் சேருமுன் என்ன கிடைக்கும் என்று அவரிடம் கேட்டால் போதாது, விலகும் வழி என்ன என்பதை விலகி வந்தவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.