வாயை மட்டும் அசை

ஹங்கேரியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆரம்பப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் பிரோஷ்கா. வயது முப்பத்துமூன்று. குழந்தைகள் அவரை அத்தை என்று கூப்பிடுவார்கள். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் நாகர்கோவில் வயலின் வித்வான் ஞானசிகாமணி. வயது ஐம்பத்திரண்டு.

அந்தப் பள்ளியின் முறைப்படி எந்தக் குழந்தையும் முதலில் பாட வேண்டும். தாய்மொழிப் பாட்டை, தன் சொந்தக் குரலில். வாத்தியமெல்லாம் அப்புறம்தான். இந்த முறையைப் படிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஞானசிகாமணிக்கு வந்த நாளிலிருந்தே கடுப்பு. வயலினைப் பெட்டியைவிட்டு எடுக்கவே பிரோஷ்கா விடவில்லை. மூன்று வாரமாக ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து, பிரோஷ்காவின் கை ஏறினால் சுரம் ஏற்றி, இறங்கினால் இறக்கிப் பாடிக்கொண்டிருந்தார்.

பள்ளி விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை அவர் பொறுப்பில் வந்தது. பொரோகா என்ற சிறுமிக்கு மட்டும் சுருதி நிற்கவில்லை. தனியே கூப்பிட்டு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

"நாளைக்கு நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது."

மறுநாள் மேடையேறும் நேரத்தில் பிரோஷ்கா அவரை நிறுத்தினார்.

"ஐயா, நீங்களும் குழந்தைகளோடு நில்லுங்கள்."

"பாடவா?"

"இல்லை. வாயை மட்டும் அசையுங்கள். சத்தம் வரக்கூடாது."

விளையாட்டு என்று நினைத்தார். பிரோஷ்கா சிரிக்கவில்லை. குரு சொல்லாயிற்றே என்று போய் நின்றார். பக்கத்தில் பொரோகா முழுத்தொண்டையில் பாடினாள். அவரோ தொண்டைவரை வந்த பாட்டை விழுங்கி விழுங்கி, வாயைத் திறந்து திறந்து மூடினார். முன்வரிசையில் ஒருவர் அவரைக் காட்டிப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்தப் பாட்டு முடிந்ததுமே ஞானசிகாமணி மேடையைவிட்டு இறங்கிவிட்டார்.

இடைவேளையில் பிரோஷ்காவை வழிமறித்தார்.

"என்னை என்னவென்று நினைத்தீர்கள்? முப்பது வருஷம் கச்சேரி செய்தவன் நான். கடல் தாண்டி வந்து கைகட்டி நின்றால், நாலு பேர் பார்க்கப் பொம்மையாக நிறுத்துவீர்களா?"

"கோபமா?"

"வராதா? உடம்பெல்லாம் எரிகிறது!"

"ஒரு பாட்டுதானே?"

"ஒன்றானால் என்ன? பாடத் தெரிந்தவனைப் பாடாதே என்பது அநியாயம்."

"பாட வராதவளை?"

"அது வேறு. ஒரு குரல் தப்பினால் மொத்தமும் கெட்டுப்போகும். எங்கள் ஊரில் குரல் இல்லாத பிள்ளைகளை முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

"எத்தனை பேரை?"

அவருக்கு நினைவில்லை.

பிரோஷ்கா இப்போது பேசியது கோபத்தில்தான்.

"உங்களுக்காவது என்னிடம் சண்டைக்கு வரத் தெரிந்தது. அவளுக்கு ஆறு வயது. நேற்று வீட்டுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்."

"என்ன?"

"'அத்தை, எல்லாரும் பாடும்போது நான் மூச்சு விடலாமா?'"