வெட்டுவான்குளத்தார் மீனுக்கு வெற்றிலை வைத்த கதை

வெட்டுவான்குளத்தில் குளம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். இப்போது அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரன் இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் தூண்டில் மன்றம் நடக்கிறது. போர்டு உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு, ஆண்டுவிழா உண்டு. மீன் மட்டும்தான் இல்லை.

மன்றத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர் ஆவுடையப்பன், ரைஸ் மில்காரர். செயலாளர் திரவியம், ரேஷன் கடையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் கொம்பையா, டெய்லர். இந்த மூன்று பேரும் நிர்வாகிகள். மிச்சம் இருக்கிற மகராசன்தான் உறுப்பினர். பொதுக்குழு கூடிவிட்டது என்றால் மகராசன் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

வருஷத்துக்கு ஒரு தடவை பாருக்குப் போய்த் தூண்டில் போடுவது மன்றத்து வழக்கம். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற கல்திட்டு. அந்தக் கல் இடுக்கில்தான் நல்ல மீன் குடியிருக்கும். போன வருஷம் போனார்கள், ஒன்றும் மாட்டவில்லை. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். படகுக்காரனை மாற்றிப் பார்ப்போம் என்று தீர்மானம் போட்டு, தூத்துக்குடிக் கரையில் என் வள்ளத்துக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள்.

"மீன் கிடைக்குமா அண்ணாச்சி?" என்றார் தலைவர்.

"பாருக்குப் போயி மீன் இல்லாம வந்தவன் உண்டாய்யா?"

"நாங்க வந்தோம்லா."

அதற்குள் பக்கத்து வள்ளத்துக்காரன் பொருளாளரின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். நான் இன்னொரு கையைப் பிடித்தேன். வந்த ஆளை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கிறவன் கரையில் பிழைக்க முடியாது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. மீன் கிடைக்கலைன்னா மறுநாள் காலையில வாங்க, சும்மாவே கூட்டிட்டுப் போறேன். அன்னைக்கும் கிடைக்கலைன்னா அதுக்கு மறுநாள். போதுமா?"

போதும் என்றார்கள். நாலு பேரும் கை கொடுத்தார்கள். யார் கொடுத்தார்கள் யார் கொடுக்கவில்லை என்று சந்தேகம் வந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என் வீட்டுக்காரி சேசம்மா இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போங்க, யாரு வேண்டான்னா? திங்கக்கிழமை காலையில ரோஸ்லினைப் பொண்ணு பாக்க வாராவ. போன தடவை வந்தவங்க, பொண்ணோட அப்பா எங்கன்னு கேட்டாங்க. கடல்லன்னேன். எப்ப வருவாருன்னாங்க. மீன் பட்டா வருவாருன்னேன். காபியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாங்க. இந்தத் தடவையும் நீங்க இல்லைன்னா, என் மகளுக்கு வேற அப்பனைப் பாத்துக்கிடுவேன், ஆமா."

ஆக எனக்கு வேண்டியது ஒரே ஒரு மீன். ஒன்று மாட்டிவிட்டால் திங்கட்கிழமை நான் சட்டை போட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். பாரில் ஒரு மீனுக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பாருக்கு மேலே நங்கூரம் போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லார் தூண்டிலிலும் இறாலைக் குத்திக் கொடுத்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

"வாயைத் திறக்கப்பிடாது. சத்தம் கேட்டா மீன் ஓடிரும்."

திறக்கவில்லை. கொட்டாவியைக்கூடக் கையால் அமுக்கிக்கொண்டார்கள். இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிறவர்களை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகராசன் பொருளாளரின் காதில் என்னமோ குசுகுசுத்தார். பொருளாளர் நகர்ந்து போய் செயலாளர் காதில். செயலாளர் யோசித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைவர் காதில். தலைவர் எழுந்து, வேட்டியைச் சரி செய்து, வள்ளத்தின் அந்தக் கடைசியில் இருந்து இந்தக் கடைசிக்கு வந்து என் காதில் சொன்னார்:

"மகராசன் தூண்டிலை மீன் இழுக்குதாம். என்ன செய்யணும்னு கேக்கான்."

பாய்ந்து போய் இழுத்தேன். முள் மட்டும் வந்தது. இறாலைத் தின்று, ஏப்பமும் விட்டுப் போயிருக்கும்.

"ஏன்யா, நேரா என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே!"

மகராசன் தலைவரைப் பார்த்தார். "உறுப்பினர் நேரடியா வெளியாள்கிட்டப் பேசுறது மன்ற விதியில கிடையாது அண்ணாச்சி," என்றார் தலைவர்.

அதோடு மீன் கடிப்பது நின்றுவிட்டது. வெயில் ஏறியது. இறாலை மாற்றிக் கணவாய்த் துண்டு போட்டேன். அசையவில்லை. செயலாளர் நாலைந்து தடவை தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஒண்ணையும் காணும்?" என்றார்.

"பசிச்சாத்தான்யா மீன் கடிக்கும். இப்ப அதுக்குப் பசி இல்லை. பொறுத்துத்தான் ஆகணும்."

சொன்னது அவ்வளவுதான். எஞ்சினுக்கு எண்ணெய் விடத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஆலோசனை நடந்தது.

"பசி இல்லைங்காரு."

"எப்படிவே பசிக்கும்? விடிஞ்சதுல இருந்து இறாலும் கணவாயுமா நாமதானே ஊட்டிக்கிட்டு இருக்கோம்."

"அதைச் சொல்லும். என் பேரனும் இப்படித்தான். முறுக்கைக் குடுத்துக்கிட்டே இருந்தா சோறு எறங்காது."

திரும்பிப் பார்த்தால் நாலு தூண்டிலும் வள்ளத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்னய்யா இது?"

"மீனைப் பட்டினி போட்டிருக்கோம்," என்றார் தலைவர்.

நான் பேச வாயெடுப்பதற்குள் பொருளாளர் பையிலிருந்து ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். படகு ஆட்டத்துக்கு வயிற்றைப் பிரட்டினால் குடிக்கலாம் என்று அவர் சம்சாரம் கொடுத்து அனுப்பியது.

"பசியைத் தூண்டும்லா. ஒரு மூடி விட்டா என்ன?"

"ஒரு மூடி கைப்பிள்ளைக்கு. இது கடல்வே."

"கடலுக்கா பசிக்கணும்? மீனுக்குத்தானே?"

"எத்தனை மீன் இருக்குன்னு தெரியாம அளவு எப்படிச் சொல்ல?"

விவாதம் முற்றி, கடைசியில் பொதுக்குழுவைக் கேட்டார்கள். மகராசன் தலையாட்டினார். முழுப் பாட்டிலையும் கவிழ்த்தார்கள். தலைவர் தண்ணீரைப் பார்த்து, "குடிச்சிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க," என்று வேறு சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறினால் வாய் என்ன பேசுகிறது என்று எனக்கே தெரியாது.

"பட்டினி போட்டு, ஓமத் தண்ணி குடுத்து... இன்னும் என்னய்யா பாக்கி? மீனை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமோ? அழையுங்களேன்! குடும்பத்தோட வரச் சொல்லுங்களேன்!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முகத்தில் வெட்கம் தெரிந்தது.

"அண்ணாச்சி சொல்லுறது நியாயம்," என்றார் செயலாளர் மெதுவாக. "மூணு வருசமா வாசல்ல வந்து நிக்கோம். ஒரு தடவையாவது முறையா அழைச்சோமா?"

தலைவரிடம் வெற்றிலைச் செல்லம் இருந்தது. இரண்டு கொழுந்து வெற்றிலை, ஒரு கொட்டைப் பாக்கு. சுண்ணாம்பு தடவலாமா என்று பொருளாளர் கேட்டார். வாய் வெந்துவிடும், வேண்டாம் என்று முடிவானது. மகராசன் அதை மடித்து முள்ளில் குத்தி, இரண்டு கையாலும் ஏந்தி, பயபக்தியோடு தண்ணீரில் விட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மகராசனின் கயிறு விறைத்து நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், வெற்றிலைக்கு மீன் கடித்ததை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. கை நீளத்துக்கு ஒரு விளமீன். வள்ளத்துக்குள் விழுந்து துள்ளியது. எனக்கு அதைப் பார்த்ததும் ரோஸ்லின் கல்யாணக் கோலத்தில் தெரிந்தாள். ஐஸ் பெட்டியின் மூடி இறுகிக் கிடந்தது. குனிந்து அதைத் திறக்கிற நேரம்தான். பின்னால் தொபுக்கென்று சத்தம் கேட்டது.

"மீன் எங்கய்யா?"

"அனுப்பி வச்சிருக்கோம்," என்றார் தலைவர்.

"எங்க!"

"நாம குடும்பத்தோட வரச் சொன்னோம். அவரு தனியா வந்திருக்காரு. மரியாதை தெரிஞ்ச மீனு, முதல்ல விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்திருக்கு. போயி எல்லாரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி விட்டோம்."

"அவரு கையில பாக்கும் குடுத்து விட்டோம்," என்றார் பொருளாளர்.

மீனுக்குக் கை இல்லையே என்று மகராசன் பொருளாளர் காதில் சொன்னார். அது செயலாளர் வழியாகத் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைவர் முகம் வாடிவிட்டது.

காத்திருந்தோம். அவர்கள் மீனின் குடும்பத்துக்காக. நான் எதற்கென்று தெரியாமல். சூரியன் உச்சியைத் தாண்டி மேற்கே சாய்ந்தது. மீன் வரவில்லை. பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கும் என்று செயலாளர் சமாதானம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் என் கூட்டாளி சூசையின் வள்ளம் அந்த வழியாகக் கரைக்குப் போனது. கையை வீசிக் கூப்பிட்டேன்.

"சூசை! ஒரு மீன் குடு!"

"என்ன தருவ?"

"இவங்க கட்டிட்டு வந்த புளிசாதம் இருக்கு. நாலு பொட்டலம்."

"பழைய புளிசாதத்துக்குப் பாறை மீனா? போடா!"

"அப்பளமும் இருக்குடா. வத்தல் இருக்கு."

"ஊறுகா?"

"என்ன ஊறுகாய்யா கொண்டு வந்திய?" என்று திரும்பிக் கேட்டேன். நார்த்தங்காய் என்றார்கள். சூசை எஞ்சினை அணைத்தான். நார்த்தங்காய் முழுசும் கேட்டான், பாதிதான் என்றேன். முக்காலில் முடிந்தது. கொழுத்த பாறை ஒன்று பறந்து வந்து எங்கள் நடுவில் விழுந்தது.

"ஆச்சு!" என்று கத்தினேன். "மீன் கிடைச்சாச்சு. நம்ம பேச்சு முடிஞ்சுது. கரைக்குப் போவோம்."

செயலாளர் மீனைச் சுற்றி வந்து பார்த்தார். "மீனுதான். ஆனா தூண்டில்ல மாட்டலையே அண்ணாச்சி. நாங்க தூண்டில் மன்றம்லா? புளிசாத மன்றம் இல்லையே."

மறுபடி சுர்ரென்று ஏறியது.

"தூண்டில்லதான் மாட்டணுமா? அப்ப மாட்டுங்க! அதைத் தூண்டில்ல மாட்டி, கடல்ல விட்டு, திருப்பித் தூக்குங்க! யாரு வேண்டாங்கா?"

அது ரொம்ப நல்ல யோசனை என்று நாலு பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செத்த மீனின் வாயில் பெரிய முள்ளை மாட்டி, பாருக்கே இறக்கினார்கள். இறக்கியதுதான் தாமதம், கயிறு பிய்த்துக்கொண்டு ஓடியது.

"உயிர் வந்துட்டு!" என்றார் பொருளாளர்.

நாலு பேரும் இழுத்தார்கள். நான் ஐந்தாவதாகப் பிடித்தேன். வள்ளம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேலே வந்தது பாருங்கள் ஒரு களவா மீன். அரிசி மூட்டை அளவு. வாயை இறுக்கி மூடி, எங்கள் பாறையைக் கவ்விக்கொண்டு வருகிறது. அந்தப் பாரில் அவ்வளவு பெரிய களவாவை எங்கள் கரையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"விடாதிய! மீனை விடாதிய!" என்று அலறினேன்.

"திருட்டுப் பயலே!" என்றார் தலைவர் களவாவைப் பார்த்து.

"எங்க மீனைக் கொண்டா!" என்று செயலாளர் துடுப்பை எடுத்து அதன் மண்டையில் போட்டார். பொருளாளர் டெய்லர் அல்லவா, விரலை விட்டு அதன் வாயைத் தையல் பிரிக்கிற மாதிரி பிரித்தார். மகராசன் பாறையின் தலையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் கால் கொடுத்து ஒரே இழுப்பு. நான் பாய்ந்து களவாவின் செவுளைப் பிடிப்பதற்குள் அது வழுக்கி, வாலால் எல்லார் முகத்திலும் ஓர் அறை கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

மகராசன் கையில் பாறையின் தலை இருந்தது. தலை மட்டும்.

"நீங்க சொன்ன மாதிரியே நம்ம மீனை விடலை அண்ணாச்சி," என்றார், மூச்சு வாங்க. விதியை மறந்து என்னிடம் நேராகப் பேசிவிட்டார் பாவம். அவ்வளவு சந்தோஷம்.

வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினேன். கரை தெரிந்ததும்தான் கேட்டேன், மெதுவாக, தேன் தடவி.

"அப்ப... மீன் கிடைச்சுட்டு. தலை இருந்தா மீன் இருக்குன்னுதானே அர்த்தம்? நாளைக்கு வர வேண்டாம்லா?"

நிர்வாகக் குழு கூடியது.

"ஆட்டுத் தலையைக் குடுத்துட்டு ஆடு குடுத்தேன்னு சொல்ல முடியுமாவே?"

"முடியாது. அதுக்காக ஒண்ணுமே குடுக்கலைன்னும் சொல்ல முடியாது. அண்ணாச்சி வாயில மண்ணைப் போடப்பிடாது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "பாதி மீன் கிடைச்சிருக்கு. அதனால நாளைக்குப் பாதி நாள் வந்தாப் போதும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எந்தப் பாதி? காலையா, மத்தியானமா?"

இதற்கு நிறைய நேரம் எடுத்தது. வள்ளம் மணலில் தட்டுகிற வரைக்கும் பேசினார்கள். சேசம்மா கரையில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"தலைங்கிறது முதல் பாதி," என்று தீர்ப்புச் சொன்னார் தலைவர். "நாளுக்கு முதல் பாதி காலை. அந்தப் பாதி கிடைச்சாச்சு. வால்தான் பாக்கி. மத்தியானத்துக்கு மேல வாரோம் அண்ணாச்சி."

அவர் காலில் விழாத குறை. காலை முழுக்க எனக்கு! சட்டையை இஸ்திரி போடச் சொல்லி அங்கிருந்தே சேசம்மாவுக்குக் கத்தினேன்.

அவர்கள் அந்தத் தலையை ஐஸில் புதைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நாளைக்கு வாலைப் பிடித்ததும் வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டுமாம். பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியவர்கள் பாதி வழியில் நின்றார்கள். மகராசன் பொருளாளர் காதில் சொன்னார். பொருளாளர் செயலாளர் காதில். செயலாளர் தலைவர் காதில். தலைவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி. நாளைக்கு முழு மீன் மாட்டுச்சுன்னா என்ன செய்யன்னு மகராசன் கேக்கான்."

"என்ன செய்வியளாம்?"

"தலையை வெட்டிக் கடல்ல விட்டுருவோம்னு சொல்லிட்டேன். நமக்கு எதுக்கு ரெண்டு தலை? பாவம், அதுவாவது பிழைச்சுப் போகட்டும்."