சொச்சத்தில் விழுந்த மாப்பிள்ளை

கோணவாய்ப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டமாட்டார்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனி.

ஒச்சப்பன் கல்யாணத்துக்கு முதல்நாள் பெய்த மழையில் வாய்க்கால் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெண் வீடோ அக்கரையில். பலகை போடலாம் என்று மாப்பிள்ளையின் கூட்டாளி வீரணன் வாய்க்காலின் அகலத்தை அளந்தான். நாலு புள்ளி நாலு மீட்டர் வந்தது.

சேதம் பார்க்க வந்த என்ஜினியர் முகம் சுளித்தார். "புள்ளி வச்ச கணக்கெல்லாம் எனக்கு வேணாம். ரவுண்டா சொல்லுங்க. புள்ளிக்குப் பின்னால அஞ்சுக்குக் கீழன்னா விட்டுடுங்க, அஞ்சும் அதுக்கு மேலயும்னா ஒண்ணு கூட்டிக்கங்க." ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தாய்மாமன் சடையாண்டி நாலு மீட்டருக்குப் பலகை அறுக்கச் சொன்னார்.

விடிந்ததும் பலகை சாயாமல் இருக்க அதன் இந்த முனையில் ஆறு பேர் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த முனை அக்கரையை எட்டாமல் அந்தரத்தில் நின்றது.

"மாமா, அங்க இடைவெளி இருக்கே?" என்றான் ஒச்சப்பன்.

"அது வெறும் சொச்சம்டா. என்ஜினியரே விட்டுடச் சொல்லிட்டாரு. இல்லாத இடத்துல எப்படி விழுவே?"

ஒச்சப்பன் அந்த இடைவெளியை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான். ஆனால் படித்தவர் சொல்லியிருக்கிறாரே! பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். இல்லாத இடத்தில் தொபுக்கடீர் என்று விழுந்தான்.

"ஐயோ, முழுகுறேன்!"

கரையில் ஒருத்தரும் பதறவில்லை.

"ஆழம் எவ்வளவு?" என்றார் சடையாண்டி.

"ஒண்ணு புள்ளி நாலு," என்றான் வீரணன்.

"அப்ப ஒண்ணு. மாப்பிள்ளை உயரம்?"

"ஒண்ணு புள்ளி அஞ்சு."

"அப்ப ரெண்டு." சடையாண்டி தண்ணீரைப் பார்த்து அதட்டினார். "ரெண்டு மீட்டர் ஆளு ஒரு மீட்டர் தண்ணியில எப்படிடா முழுகுவான்? சம்பந்தி வீட்டுக்கு முன்னால மானத்தை வாங்காதே!"

ஒச்சப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கணக்கு சரியாக இருந்ததால் சத்தம் போடாமல் குடித்துக்கொண்டிருந்தான்.

மணப்பெண் பேச்சியம்மாளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கூறைப்புடவையோடு இறங்கி, மாப்பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து அக்கரையில் இழுத்துப் போட்டாள்.

இக்கரையில் தலை எண்ணினார்கள்.

"வரும்போது பதினாலு பேரு. ரவுண்டா பத்து," என்றான் வீரணன். "இப்ப பதிமூணு. ரவுண்டா பத்து."

"ஆளு குறையலை! வாங்க, எல்லாரும் ஊரு போய்ச் சேருவோம்," என்றார் சடையாண்டி. கூட்டம் நிம்மதியாகத் திரும்பி நடந்தது.

ஒச்சப்பன் சொட்டச் சொட்ட மணவறையில் உட்கார்ந்து யோசித்தான். ஆள் குறையவில்லை என்றால் தானும் அந்தக் கூட்டத்தோடுதானே போய்க்கொண்டிருக்க வேண்டும்? அவனுக்குப் பகீரென்றது. மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நான் ஊருக்குப் போயிட்டேன். அப்ப உங்க பொண்ணுக்குத் தாலி கட்டப்போறது யாரு?"