மொக்கையன் கரடியின் வேண்டுதல்

மஞ்சம்பாறைக் காட்டில் மொக்கையன் என்றொரு கரடி இருந்தது. அதன் மனைவி பேச்சி. இரண்டும் சேர்ந்தே கரையான் புற்றைக் கிளறும், சேர்ந்தே இலுப்பை மரம் ஏறும், வழியெல்லாம் சண்டை போடும். வயிறு நிறைந்ததும் சமாதானமாகிவிடும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விலங்குக்குக் காதோர முடி நரைக்கிறதோ, அதற்கு 'இருக்கை மரியாதை' செய்வார்கள். குளத்தங்கரை மருத மரத்தடியில் இலைமெத்தை போட்டு உட்கார வைப்பார்கள். அன்றிலிருந்து அது ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது. பழமும் தேனும் இருந்த இடத்துக்கே வரும். தண்ணீர்கூடத் தொன்னையில் வந்துவிடும். காட்டின் தலைவரான சடையாண்டிக் குரங்கு இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். நரைத்தவர்கள் நடமாடினால் காட்டின் மானமே போய்விடும் என்று அது நம்பியது.

ஐப்பசியில் மொக்கையனுக்கு நரை தெரிந்தது. மரங்கொத்திகள் தாளம் தட்ட, மயில்கள் ஆட, அதை அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். பக்கத்து மெத்தையில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி ஏற்கெனவே பாதித் தூக்கத்தில் இருந்தது.

"வாங்க, வாங்க. இனிமே நமக்கு வாய்க்கு மட்டும்தான் வேலை" என்றது கொம்பையா.

மொக்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் தேனடை, மதியம் பலாச்சுளை, சாயங்காலம் இலுப்பைப்பூ. சாப்பிட்டால் தூக்கம், தூங்கி எழுந்தால் சாப்பாடு. இப்படிக் கொடுத்து வைத்தவர் யார் இருக்கிறார்கள் என்று அது தொந்தியைத் தடவிக்கொண்டது. தடவுவதற்குத் தொந்தியும் நாளுக்கு நாள் தாராளமாகக் கிடைத்தது.

மார்கழி கழிவதற்குள் சங்கடங்கள் ஆரம்பித்தன. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ராத்திரியெல்லாம் மரத்துக்குப் பின்னால் போய்வர வேண்டியிருந்தது. அந்த நாலடி தூரத்துக்கே மூச்சு இரைத்தது. பலாப்பழத்தின் முள் கீறிய காயம் ஆறவே இல்லை. எந்நேரமும் அசதி.

"எனக்கு முட்டி வலிக்குது" என்று மொக்கையன் முனகும்.

"எனக்கு ரெண்டு முட்டியும் வலிக்குது" என்று கொம்பையா பெருமையாகச் சொல்லும். நோயிலும் தன்னை யாரும் மிஞ்சிவிடக் கூடாது என்பது அதன் எண்ணம்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் பேச்சி வந்தது. மேலெல்லாம் புற்றுமண். முகம் வாடியிருந்தது.

"என்னங்க, குளம் வத்திக்கிட்டே வருது. சித்திரை பிறந்ததும் எல்லாரும் மலை முகட்டைத் தாண்டி ஆத்துப் பக்கம் போகணுமாம். சடையாண்டி சொல்லிட்டாரு."

"அப்ப நாங்க?"

"நடக்க முடியாதவங்களுக்குச் சாப்பாடும் தண்ணியும் வச்சுட்டுப் போவாங்களாம்."

"எதுவரைக்கும் வரும் அது?"

பேச்சி வற்றிய குளத்தைத் திரும்பிப் பார்த்தது. மொக்கையனுக்குப் புரிந்துவிட்டது.

"நீ போ பேச்சி. நான் சமாளிச்சுக்குவேன்."

"நீங்க இல்லாம நான் எங்க போறது? நானும் இங்கயே இருந்துடுறேன்."

பேச்சி சொன்னால் சொன்னதுதான். அதை மொக்கையன் அறியும். தன் தொந்தியால் தன் உயிர் போவது போகட்டும், பேச்சியின் உயிரும் அல்லவா போகும்! முதல் தடவையாக அதற்குப் பயம் வந்தது. மெத்தையிலிருந்து புரண்டு எழுந்து, பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு குளக்கரை வரை போய், அங்கேயே தொப்பென்று உட்கார்ந்தது.

"எனக்கு வயசாயிடுச்சு. உன்னை மாதிரி நடக்க முடியுமா? உனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கல" என்றது.

பேச்சி சுற்றுமுற்றும் பார்த்தது. இருந்த கொஞ்சம் தண்ணீரில் தலையை முக்கித் தேய்த்துக் கழுவியது. கருஞ்சேறு கரைந்து ஓடியது. காதுக்கு மேலே பார்த்தால் ஒரே வெள்ளை. மொக்கையனைவிட அதிக நரை.

"நரைச்சு ரொம்ப நாளாச்சு. தெரிஞ்சா என்னையும் உக்கார வச்சுருவாங்க. புத்து கிளறாம என்னால இருக்க முடியாதுங்க. அதான் தினமும் சேறு பூசிக்கிறேன். நமக்கு ஒரே வயசுதான். நான் நடந்தேன், நீங்க உக்காந்தீங்க."

அந்த நேரம் பார்த்துச் சடையாண்டி மேல்கிளையிலிருந்து கத்தியது.

"மெத்தையை விட்டு யாரு எறக்கினது? பெரியவரு மண்ணுல உக்காரலாமா!"

பேச்சி சட்டென்று ஒரு பிடி சேற்றை அள்ளித் தலையில் அப்பிக்கொண்டது. மூளையும் அதே வேகத்தில் வேலை செய்தது.

"தலைவரே, இவரு மழைக்காக வேண்டிக்கிட்டாரு. தினமும் மருத மரத்தைச் சுத்தி வரணும். தேனும் பலாவும் தொடாம விரதம். குளத்துக் கல்லைச் சுமந்து மரத்தடியில சேர்க்கணும்."

மொக்கையன் திடுக்கிட்டது. சுற்றுவது சரி. விரதமும் கல்லும் எங்கிருந்து வந்தன என்று அது பேச்சியை முறைத்தது. பேச்சி கண்டுகொள்ளவில்லை.

சடையாண்டி யோசித்தது. பெரியவர் வேலை செய்தால் அது குற்றம். வேண்டுதலைத் தடுத்தால் அது அதைவிடப் பெரிய குற்றம். "நல்லபடியா நடக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் மொக்கையன் பாதிச் சுற்றிலேயே வேரில் சாய்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள் ஒரு சுற்று வந்தது. கொஞ்சம் தெம்பு வந்ததும் அவசர புத்தி தலைதூக்கியது. ஒரு மாதத்துச் சுற்றை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று விடியலில் ஆரம்பித்து வெயில் சாயும்வரை சுற்றியது. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்ததுதான், ஒரு வாரம் எழுந்திருக்கவே இல்லை.

"ஒரு நாள் ஓடிட்டு ஒரு வாரம் படுக்கிறது எந்த ஊரு வேண்டுதல்?" என்றது பேச்சி. "கொஞ்சமா நடங்க. ஆனா தினமும் நடங்க. சாப்பிட்டதும் சாயாதீங்க, ஒரு சுத்து வந்துட்டு உக்காருங்க."

மொக்கையன் அப்படியே செய்தது. திட்டிக்கொண்டேதான் செய்தது. முதலில் கூழாங்கல், பிறகு உருண்டைக் கல், அதன்பிறகு இரு கையாலும் அணைத்துத் தூக்கும் பாறைத்துண்டு என்று சுமையும் ஏறியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. மழை வந்தால் புண்ணியமெல்லாம் கரடிக்கே போய்விடுமே!

"எனக்கும் வேண்டுதல் இருக்கு" என்று அதுவும் கிளம்பியது. மொக்கையன் ஒரு சுற்று வந்தால் அது ஒன்றரைச் சுற்று வரும். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும்போதுகூட, "நான் நிக்கல, கும்பிடுறேன்" என்று சொல்லும். இரண்டும் கூச்சல் போட்டுக்கொண்டு சுற்றுவதைப் பார்க்க அணில்கள் கூடின. சும்மா கிடந்த இடம் கொஞ்ச நாளில் திருவிழாக் களை கட்டியது.

பங்குனி பிறந்தது. ஒரு நாள் காலையில் கண் விழித்தபோதுதான் மொக்கையனுக்கு உறைத்தது. ராத்திரி முழுக்க எழுந்திருக்காமல் தூங்கியிருந்தது! பலா முள் கீறிய இடத்தில் புது முடி முளைத்திருந்தது. தாகம் முன்போல வாட்டவில்லை. சந்தோஷம் தாங்காமல் பேச்சியைத் தேடி ஓடியது. ஓடிய பிறகுதான், நாம் ஓடுகிறோம் என்பதே அதற்குத் தெரிந்தது.

மழை மட்டும் வரவில்லை. சித்திரையில் குளம் வெடித்துக் கிடந்தது. காடே புறப்பட்டது. சடையாண்டி மெத்தைகளுக்குப் பக்கத்தில் பழங்களைக் குவித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"பெரியவங்க பத்திரமா இருக்கணும்" என்றது தழுதழுத்த குரலில்.

"நாங்க எதுக்கு இருக்கணும்? மரத்தைச் சுத்தியாச்சு, இனி மலையை ஒரு கை பார்க்கிறோம்" என்று மொக்கையன் நடக்கத் தொடங்கியது.

முகடு செங்குத்து. பாறை கொதித்தது. வழியில் மொக்கையன் பல தடவை நின்றது, தண்ணீர் ஊறிய கிழங்கை மென்றது, மறுபடி ஏறியது. உச்சிக்குக் கீழே ஒரு வழுக்குப் பாறை. முன்னால் போன மான்களும் முயல்களும் திகைத்து நின்றன. கல் தூக்கிப் பழகிய மொக்கையன், கீழே கிடந்த பாறைத்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படி போல அடுக்கியது. கொம்பையா மூக்கால் முட்டி அவற்றை இறுக்கியது. குட்டிகள் ஏறின. மான்கள் ஏறின. பேச்சி ஏறும்போது மொக்கையன் கை கொடுத்தது.

அந்தப் பக்கம் ஆறு பளபளவென்று ஓடியது. எல்லோரும் தண்ணீரில் விழுந்து புரண்டார்கள். முகத்தில் தண்ணீர் பட்டதும் பேச்சியின் நரை வெளியே தெரிந்தது. அது மறைக்கவில்லை. மொக்கையன் அதன் மேல் இன்னும் தண்ணீரை வாரி இறைத்தது.

சடையாண்டி கரையில் உட்கார்ந்து பேச்சியின் நரையையும் மொக்கையனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எழுந்து எல்லோரையும் கூப்பிட்டது.

"மரியாதை செய்யறோம்னு நினைச்சு, பெரியவங்களை நாம நோயாளி ஆக்கிட்டோம். தப்பு என்னுதுதான். இனிமே இருக்கை மரியாதை கிடையாது. நரைச்சவங்க தினமும் முன்னால நடக்கணும், நாம பின்னால நடக்கணும். அதுதான் மரியாதை."

அன்று சாயங்காலமே ஆற்றங்கரையில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மொக்கையனும் பேச்சியும் கைகோத்து நடந்தன. அவற்றை முந்துவதற்குக் கொம்பையா தலைகீழாக நின்றது. பின்னால் காடே சிரித்துக்கொண்டு வந்தது.

வயதான காலத்தில் உடம்புக்குத் தெம்பு தருவது உட்கார வைத்து ஊட்டும் உபசாரம் அல்ல, அளவாகச் சாப்பிட்டு அன்றாடம் கைகாலுக்குக் கொடுக்கும் வேலைதான்.