ராணிக்கு மாப்பிள்ளை தேடிய ராஜா

கோண்டு ராஜா சம்ருஷாவிடம் இல்லாதது எதுவுமில்லை. அடுத்தவனிடம் ஏதாவது இருந்தால் மட்டும் அவருக்குத் தூக்கம் வராது.

கோண்டு மக்களில் ஒவ்வொரு குலத்துக்கும் இத்தனை தெய்வம் என்று முறை உண்டு. சிலருக்கு நான்கு, சிலருக்கு ஐந்து, சிலருக்கு ஆறு. ஒரே தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. ராஜாவுக்கு ஏழு தெய்வம். ராணி சுக்வாரி ஆறு தெய்வக் குலத்துப் பெண்.

ஒரு கோடையில் ராஜா சொன்னார்: "குடியானவனுக்கே ஆறு தெய்வம் இருக்கிறது. எனக்கு ஒன்றுதானா கூடுதல்? நாட்டில் உள்ள எல்லாத் தெய்வமும் இனி என் குலதெய்வம். அரண்மனைக்குக் கொண்டுவாருங்கள்."

வீரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மருத மரங்களில் குடியிருந்த தெய்வங்களைக் கூடையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். விதைப்பு நெருங்கிவிட்டது. தெய்வத்தின் முன் வைக்காத விதையை யாரும் நிலத்தில் போடமாட்டார்கள். ஊர்க்காரர்கள் அரசவைப் பாணர் பிர்சுவிடம் வந்து அழுதார்கள். ராஜவம்சத்தின் குலவரலாற்றைப் பாடுவது பிர்சுவின் வேலை.

மறுநாள் காலை சபையில் அவர் பாடினார்: "எல்லாத் தெய்வங்களையும் உடைய சம்ருஷா வாழ்க. அவர் தங்கை சுக்வாரி வாழ்க."

"தங்கையா?" என்றார் ராஜா.

"ஆறு தெய்வமும் இப்போது உங்கள் குலதெய்வம், மகாராஜா. அந்தக் குலத்துப் பெண் உங்களுக்கு என்ன முறை?"

ராஜா திரும்பிப் பார்த்தார். ராணி அதற்குள் எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, எனக்கும் வயது ஏறுகிறது. சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பாருங்கள்" என்றாள்.

அவள் தம்பி லம்மு முன்னே வந்தான். நேற்றுவரை ராஜாவை அத்தான் என்று கூப்பிட்டவன். "அண்ணா, மைத்துனனாக இருந்தவன் பங்காளி ஆகிவிட்டேன். இனிக் கேட்காமல் இருந்தால் தப்பு. யானைக் கொட்டில் எனக்கு. கோட்டையில் கிழக்குப் பாதியும் எனக்கு."

அவனுக்குப் பின்னால் நான்கு தெய்வத் தம்பிகளும் ஐந்து தெய்வ அண்ணன்களும் வாசல்வரை நின்றார்கள். ஒருவர் நிலம் அளக்கக் கயிறு கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் தன் பங்குக்கு ராஜாவின் குதிரையைப் பிடித்து அதன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிவேளைக்குள் ராஜா இறங்கிவந்தார். "தெய்வங்களை அந்தந்த மரத்துக்கே அனுப்புங்கள். எனக்கு என் ஏழு போதும்."

தெய்வங்கள் போயின. பங்காளிகளும் போனார்கள். ராணியும் மூட்டை கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். "தங்கை ஆனபோதே பழைய கல்யாணம் அற்றுப்போயிற்று. வேண்டுமென்றால் முறைப்படி வந்து பெண் கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராஜா பிர்சுவையே பெண் கேட்க அனுப்பினார். அவர் திரும்பும்வரை சாப்பாடு இறங்கவில்லை. கோட்டை வாசலிலேயே காத்து நின்றார்.

மாலையில் பிர்சு வந்தார்.

"பெண் என்ன சொன்னாள்?"

"சம்மதம்தான், மகாராஜா. மாப்பிள்ளைக்கு ஏழு தெய்வம் என்றதும் சந்தோஷப்பட்டாள். எட்டாவது தெய்வம் நானே என்ற உங்கள் நினைப்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள்."