குருமனையில் யார் தங்குவது

"ஐயா, குருமனைன்னா என்ன அர்த்தம்?"

உபதேசியார் ஞானாபரணம் கேட்டது வெறும் சாக்கு. குருப்பட்டத்துக்குப் படிக்கிற மனுஷன்தான், வாராவாரம் போதகரிடம் பாடம் கேட்க வருகிறவர்தான். ஆனால் அன்றைக்குக் கண் மட்டும் பாடத்தில் இல்லை. கொல்லையில் கொடியில் காய்ந்த நீலத் துப்பட்டாவில் இருந்தது.

போதகருக்கு இரண்டும் பையன்கள். அவர் மனைவி சேலைதான் கட்டுவார். அப்புறம் யாருடைய துப்பட்டாவாம்?

ஞானாபரணத்தின் மகள் ஹெப்சிபாவைக் காணோம். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே அவர் அவளைக் கன்னத்தில் அறைந்தார். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை.

போதகர் வேதமுத்து அவரைவிட வயதில் சின்னவர். நிதானமாகப் பேசுகிறவர்.

"வெள்ளைக்காரன் இதை மான்ஸ்னு சொல்லுவான். லத்தீன்லயிருந்து வந்தது. தங்குறதுன்னு அர்த்தம்."

"யாரு தங்குறது?"

"அது அந்தச் சொல்லுல இல்லியே, உபதேசியாரே."

"குருவோட வீடுன்னுல்லா நான் நெனச்சேன்."

"அது நாம வச்ச பேரு. இது சபை கொடுத்த வீடு, எனக்கு நாளைக்கே மாற்றல் வந்தா பெட்டியைக் கட்டணும். என் வீடுன்னு எப்படிச் சொல்ல?"

அடேயப்பா, என்னமா மழுப்புகிறார்! ஞானாபரணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். போதகரின் மனைவி இங்கே காப்பியோடு நிற்கிறார். பையன்கள் பள்ளிக்கூடத்தில்.

"உள்ள யாரு?"

"தங்கியிருக்கிறவங்க."

"எம் மவதானே? பெத்தவன்கிட்டயே ஒளிக்கிறீரே, நீரெல்லாம் ஒரு குருவா? சாவியைக் கொடும்!"

"சாவி எங்கிட்ட இல்ல. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"தொறக்கச் சொல்லும்."

"நான் எதுக்கு? நீரே போய்த் தட்டும்."

தட்டுவதா? தன் வீட்டில் அவர் எந்தக் கதவையும் தட்டியதே கிடையாது. எட்டி உதைத்தால் திறந்துவிட்டுப் போகிறது. விடுவிடுவென்று நடந்து கதவண்டை போய்க் கையை ஓங்கினார்.

திரும்பிப் பார்த்தார். போதகர் பின்னாலேயே வரவில்லை. தடுக்கவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். இது என்ன தந்திரமோ என்று தோன்றியது.

சரி, மரியாதைக்காகவாவது தட்டுவோம் என்று விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். அவருக்கே அது வேறு யாரோ தட்டியது போல இருந்தது.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. பாதியில் நின்றது.

"ஐயா... எங்கப்பா போயிட்டாங்களா?"