கிரீஸ் கத்திரிக்காய்க்குள் போன ஆள்

மாதா கோயில் அசனத்துக்கு இந்த வருசம் பெரிய கரண்டி யார் கைக்கு என்பதுதான் பேச்சு. ஊருக்கே சோறு போடும் விருந்து. கரண்டி பிடித்துச் சமையலுக்குத் தலைமை நிற்பவருக்கு வருசம் முழுக்கத் தெருவில் தனி மரியாதை. ரெமிஜியுஸுக்கு அதன் மேல் அப்படி ஒரு ஆசை! போட்டிக்கு நின்ற தொம்மை நல்ல சமையல்காரர், வாய்தான் திறக்க மாட்டார். ரெமிஜியுஸுக்கு வாய்தான் எல்லாம். கிரேக்கக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலை பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியவர்.

"கறிக்குழம்பெல்லாம் ஒரு சமையலாவே? நான் மூசாக்கா வச்சவன்! அடியில கத்திரிக்கா, நடுவுல கொத்துக்கறி, மேல பால்ல மாவு காய்ச்சி ஊத்தி வாட்டணும். அங்கன கத்திரிக்கா என்ன பெருசுங்கீய! அறுக்க உள்ள போன பய வெளிய வர வழி தெரியாம ஒரு வாரம் உள்ளயே கெடந்தான்."

"சாப்பாட்டுக்கு என்ன செஞ்சான்?" என்றாள் அசனப் பொறுப்பு பார்க்கும் இஞ்ஞாசியம்மாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"சுவரைத்தான் தின்னான். பின்ன?"

கோயில் முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கரண்டி பக்கத்தில் வந்துவிட்டது என்று ரெமிஜியுஸுக்குத் தோன்றியது.

"திராட்சை இலையில அரிசியப் பொதிஞ்சு அவிப்பாவ, தொல்மாதெஸ்னு பேரு. நான் பிடிச்ச ஒத்தப் பொட்டலம் கப்பலுக்கே போதும். மிச்ச இலையக் கப்பல் பாயா கட்டிட்டு, இஞ்சின அமத்திட்டுப் போனோம்லா! செம்மறியாட்டுப் பால்ல ஃபெட்டானு ஒரு பாலாடைக்கட்டி, உப்புத்தண்ணியில கெடக்கும். ஒரு கட்டி கைதவறிக் கடல்ல விழுந்துட்டு. விடிஞ்சு பாத்தா, தீவுன்னு நெனச்சு ரெண்டு நாட்டுக்காரன் கொடி நட அடிச்சிக்கிடுதான்!"

"எலேய், பூமி தாங்காதுடே!" என்று யாரோ கத்தினார்கள்.

"கேளும்வே! அவியளுக்கு எதுக்கும் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் வேணும். எண்ணெயக் கடல்ல கவுத்தேன், ஒரு பழத்தப் பிழிஞ்சேன். மீனெல்லாம் தானா ஊறி, வெயில்ல வெந்து, கரையேறித் தட்டு தேடிச்சு!"

இஞ்ஞாசியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "இம்புட்டு சமையலுக்கும் வெங்காயம் வேணுமே, அண்ணே?"

"மலை மலையா வேணும்! அம்புட்டையும் ஒத்த ஆளா உரிச்சேன். கூட நின்ன கிரேக்கனுவ அழுத அழுகையில கடலே ரெண்டடி ஏறிட்டு. என் கண்ணுல ஒரு சொட்டு? ம்ஹூம்!"

"மாதா புண்ணியம்!" என்று அவள் எழுந்தாள். "வருசா வருசம் வெங்காயம் உரிக்க ஆளில்லாமத்தான் தவிக்கோம். கரண்டி தொம்மைக்கு. வெங்காயம் பூரா உங்களுக்கு."

கோயில் முற்றத்தில் வைத்துக் கொடுத்த அசன வேலையை மாட்டேன் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு வராது. ரெமிஜியுஸுக்கும் வரவில்லை.

அசனத்துக்கு முந்தின சாயங்காலம் பந்தலில் மூட்டைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. தோளில் பெரிய கரண்டியோடு வந்த தொம்மை அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"என்ன மச்சான், அழுவுதீரா?"

ரெமிஜியுஸ் மூக்கை உறிஞ்சினார்.

"வெங்காயத்துக்கு எவன்வே அழுவான்? கத்திரிக்காக்குள்ள கெடந்த அந்தப் பய ஞாபகம் வந்துட்டு!"